ஒரே பீடம், இரண்டு மண்டபம்

ஒரு சமயத்தின் நெஞ்சம் எத்துணை விரிந்தது என்பதை அறிய அதன் திருநூல்களைக் கற்றல் ஒரு வழி. அச்சமயத்தார் வழிபடும் இடத்தில் யார் எங்கே அமர்கின்றனர் என்று நோக்குதல் மற்றொரு வழி. இரண்டாவது வழியே விரைவில் உண்மையைக் காட்டும் என்பது என் எண்ணம்.

தமிழகத்தின் தென்கோடியில், திருநெல்வேலி மாவட்டத்து இராதாபுரம் வட்டத்தில், வடக்கன்குளம் என்றோர் ஊர் உண்டு. அங்கே 1872ஆம் ஆண்டில் எழுந்த கத்தோலிக்க ஆலயம் கட்டடக் கலையில் ஒரு விந்தை. பீடம் ஒன்று, அதனின்று இரு கிளைகளாகப் பிரிந்து செல்லும் மண்டபங்கள் இரண்டு. ஒன்றில் வேளாளர் முதலிய உயர்குலத்தார் எனப்பட்டோர். மற்றையதில் நாடார் முதலானோர். இடையே சுவர். ஒருபால் முழங்காலிட்டவர் மறுபாலாரைக் காணவேண்டிய தேவையில்லை. பீடத்தில் நிற்கும் குருவானவர் ஒருவருக்கே இரு சாராரும் தெரிவர். பார்த்தவர் அக்கோவிலைக் கால்சட்டைக்கு ஒப்பிட்டனர். நகைப்புக்குரிய உவமைதான், ஆயின் அதனுள் இருந்த செய்தி நகைப்புக்குரியதன்று.

அச்சுவரை எழுப்பியோர் தம் வேதத்தை அறியாதவர் அல்லர். புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபின் நிருபம் இருக்கைப் பிரச்சினையையே எடுத்துப் பேசுகிறது. பொன்மோதிரம் அணிந்து வந்தவனுக்கு நல்ல ஆசனமும், கந்தை உடுத்து வந்தவனுக்குக் காலடியில் இடமும் கொடுக்கும் சபையை அவர் கடிந்துகொள்கிறார். இதனினும் கூர்மையானது அந்தியோக்கியா நகரில் நடந்தது. தலைமைச் சீடரான பேதுரு (கத்தோலிக்கர் இராயப்பர் என்பர்) யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி மெல்ல விலகிக்கொண்டார். பவுல் பேதுருவை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். இதனைப் பவுலே கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் மறைக்காது கூறுகிறார். பேதுரு அன்று தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர் மாற்றிக்கொண்டது தாம் உண்ணும் இடத்தை மட்டுமே. அது போதாதா?

தமிழ்நாட்டில் இவ்வழக்கம் வேரூன்றியமைக்குக் காரணம் உண்டு. 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த றொபேட் டி நோபிலி, சாதி என்பது உலகியல் ஒழுங்கு, அது சமயத்தைச் சாராதது என்று கொண்டார். அவருக்குப் பின் இயேசு சபையாருள் உயர்சாதியாரிடம் செல்லும் துறவிகள் ஒரு வகையாகவும், ஏனையோரிடம் செல்லும் பண்டாரசுவாமிகள் மற்றொரு வகையாகவும் பிரிந்து பணியாற்றினர். மக்களைச் சபைக்குள் அழைக்க அது உதவியிருக்கலாம். அழைத்தபின் அவர்களைச் சேர்த்து இருத்துவதற்கு அது உதவவில்லை. சீர்திருத்தச் சபையாரிடையிலும் நிலைமை பெரிதும் வேறன்று. கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் டானியல் வில்சன் 1833ஆம் ஆண்டில் தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே கைவிடவேண்டும் எனப் பணித்தார். தஞ்சைப் பகுதியில் பலர் கீழ்ப்படிய மறுத்தனர். அவர்களுள் கீர்த்தனைகளால் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர்.

வடக்கன்குளத்துச் சுவர் 1910ஆம் ஆண்டளவில் தகர்க்கப்பட்டது. சுவரை இழந்தோர் அதனை மீட்க வழக்குத் தொடுத்தனர். திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த் அவர்களை எதிர்த்த அவ்வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. இறைவன் சந்நிதியில் ஒரு சுவருக்காக உயர் நீதிமன்றப் படியேறிய அவர்களின் ஊக்கத்தை வியவாதிருக்க முடியவில்லை.

இனி இவ்வூரின் மற்றொரு முகம். அந்த மண்டபங்கள் எழுவதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1745ஆம் ஆண்டில், இதே வடக்கன்குளத்தில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்த நீலகண்ட பிள்ளை என்பவர் அவர்; திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அலுவலர். அவருக்குக் கிறிஸ்துவைப் பற்றிக் கூறியவர் டி லனாய். 1741ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து சென்று குளச்சலில் தோல்வியுற்ற ஒல்லாந்தப் படையைச் சேர்ந்தவர் இவர்; சிறைப்பட்டுப் பின் அம்மன்னரின் படைத்தலைவர்களுள் ஒருவரானார். நீலகண்டர் தேவசகாயம் ஆனார். சாதி பாராது எல்லாரும் சமம் என்று போதித்தார். தாழ்த்தப்பட்டோருடன் கலந்து பழகினார். உயர்குலத்தாரின் சினம் மூண்டது. 1749ஆம் ஆண்டு கைதானார். 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே பின்னர் அச்சுவர் எழுந்தது!

இவற்றை எழுதும்போது, அயலார் வீட்டுச் சுவரைச் சுட்டிக்காட்டிச் சைவர்களாகிய நாம் மகிழ்ந்துவிடலாகாது. 1929ஆம் ஆண்டில் அரசின் உதவி பெறும் பாடசாலைகளில் சமாசனம் வேண்டும் என்ற பணிப்பு வந்தபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பை நம் முதியோர் அறிவர். மாணவர் வாங்கில் ஒருங்கே அமர்வதே பலருக்குப் பொறுக்கவில்லை. 1968ஆம் ஆண்டிலும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் தாழ்த்தப்பட்டோர் காத்து நின்று போராட வேண்டியதாயிற்று. கிறிஸ்தவர் உள்ளே விட்டுச் சுவர் எழுப்பினர். நாம் வாசலையே சுவராக்கினோம். எது கொடிது என்று மாணவர் தமக்குள் விவாதித்துப் பார்க்கலாம்.

சுவர் போனபின் யாவும் சீர்பட்டுவிடவில்லை. அக்காலத்து விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தமக்கெனத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர் கேட்டதைத் தொடர்ந்து 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கலவரம் மூண்டது. காவற்றுறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். சேர்ந்திருக்கவே வந்தவர்கள் பிரிந்துபோகக் கேட்டார்கள் என்றால், உள்ளே அவர்கள் பெற்ற உபசாரம் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

2012ஆம் ஆண்டில் தேவசகாயம் நாகர்கோவிலில் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டபோது அவர் பெயரோடு ‘பிள்ளை’யும் சேர்ந்தே வந்தது. சாதியை மறுத்து உயிர் கொடுத்தவருக்குச் சாதிப் பெயர் எதற்கு என்று சிலர் கேட்டு எழுதினர். வத்திக்கான் அதனை ஏற்றது. 2022ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி, உரோமாபுரியில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது வாசிக்கப்பட்ட பெயரில் ‘பிள்ளை’ இல்லை.