தாடையை விட்டுக் காதுக்குப் போன எலும்பு

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. வரப்போரத்துப் புல்லுக்குள் ஒரு தவளை விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. இணையைக் கூப்பிடுகிற கத்தல் இல்லை அது, பிடிபட்ட கத்தல். புல்லை விலக்கினால், சாரைப் பாம்பு ஒன்று அதன் பின்னங்கால்களைக் கவ்வியிருந்தது. தவளையோ காற்றை இழுத்து உடம்பைப் பந்துபோல் உப்ப வைத்திருந்தது. பாம்பின் தலை என் இரண்டு கட்டைவிரல்களைச் சேர்த்து வைத்த அகலம்தான் இருக்கும். இத்தனை பெரிய உருண்டை அதற்குள் எப்படிப் போகும்?

நாலடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மேல்தாடையின் வலப்பக்கம் மட்டும் மெல்ல முன்னால் நகர்ந்து பற்களைப் பதித்தது. அது பிடித்துக்கொண்ட பிறகு இடப்பக்கம் நகர்ந்தது. மறுபடி வலம். கிணற்றிலிருந்து வாளி இழுக்கிறவர் கயிற்றைக் கைமாற்றி இழுப்பாரே, அந்த மாதிரி. பாம்பு தவளையை இழுக்கிறது என்பதைவிட, தவளையின் மேல் தன் தலையை நடத்திக்கொண்டு போகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

பாம்பு தாடையைக் கழற்றிக்கொண்டு விழுங்கும் என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்போம். எதுவும் கழல்வதில்லை. நம் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முகவாயில் ஒட்டி ஒரே எலும்பாகிவிட்டன. பாம்புக்கு அவை ஒட்டுவதே இல்லை. இழுபடுகிற நாரும் தோலும்தான் இடையில். பின்புறத்திலோ, கீழ்த்தாடைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே கோல் மாதிரி நீண்ட ஓர் எலும்பு தொங்குகிறது. விலங்கியலில் அதன் பெயர் குவாட்ரேட். முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அது ஊசலாடுவதால்தான் வாய் அப்படி விரிகிறது. இரை துள்ளி உதைத்தாலும் மூளைக்கு ஆபத்தில்லை. தாடைகள் எவ்வளவு தளர்ந்தவையோ அவ்வளவு இறுக்கமாக மூளையைச் சுற்றி எலும்பு பெட்டிபோல் மூடியிருக்கிறது.

இந்த குவாட்ரேட்டின் கதை பாம்போடு முடிவதில்லை.

நெற்றிப்பொட்டில் விரலை வைத்து, எதையாவது மெல்வதுபோல் பல்லைக் கடித்துப் பாருங்கள். அங்கே ஒரு தசை புடைக்கும். ஆதி ஊர்வனவற்றுக்குக் கண்ணுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் தலைக்கவசம் மாதிரி முழு எலும்பு. தாடைத் தசை அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. பிறகு அந்தக் கவசத்தில் துளைகள் விழுந்தன. தசை புடைக்க இடமும், அதன் நார்கள் பிடித்துக்கொள்ள விளிம்பும் கிடைத்தன என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இதில் இரண்டு வழிகள் பிரிந்துவிட்டன. பக்கத்துக்கு ஒரு துளை கொண்டவை நம் வழி. நம் கன்னத்து எலும்பு வளைவு அந்தத் துளையின் கீழ்ச் சட்டம்தான். பக்கத்துக்கு இரண்டு துளை கொண்டவை பல்லி, பாம்பு, முதலை, பறவைகளின் வழி.

முதலை இரண்டு துளைகளையும் அவற்றின் சட்டங்களையும் அப்படியே வைத்துக்கொண்டது. அதன் குவாட்ரேட் மண்டையோட்டில் அசையாமல் இறுகியிருக்கிறது. உப்புநீர் முதலையின் கடி 16,000 நியூட்டனுக்கும் மேல் என்று அளந்திருக்கிறார்கள். அந்த விசையைத் தாங்க இறுகிய மண்டையோடு வேண்டும். உடும்பும் பல்லியும் கீழ்ச் சட்டத்தை இழந்தன, குவாட்ரேட் கொஞ்சம் அசையத் தொடங்கியது. பாம்பு மேல்சட்டத்தையும் இழந்தது. வரப்போரத்தில் நான் பார்த்தது அந்த இழப்புகள் கொடுத்த வாயைத்தான்.

நம் வழியில் அதே எலும்புக்கு நேர்ந்தது இன்னும் விந்தையானது. 1837இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் ரைஷெர்ட் பன்றிக் கருக்களை அறுத்து ஆராய்ந்தார். ஊர்வனவற்றில் தாடை மூட்டாகிற இரு எலும்புகள் எந்த இடத்தில் உருவாகின்றனவோ, அதே இடத்தில் பன்றிக் கருவில் நடுச்செவியின் இரு எலும்புகள் உருவாவதைக் கண்டார். பள்ளியில் படித்திருப்போம்: சுத்தி, பட்டடை, அங்கவடி. அந்தப் பட்டடை எலும்புதான் குவாட்ரேட். கீழ்த்தாடையில் அதோடு பொருந்தியிருந்த எலும்பு சுத்தி ஆனது. டார்வினின் நூல் வெளிவர இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன என்பதை நினைத்தால் ரைஷெர்ட்டின் கண்மேல் எனக்குப் பெரும் மதிப்பு வருகிறது.

ஆனால் ஒரு கேள்வி நின்றது. தாடை மூட்டின் எலும்புகள் காதுக்குப் போனால், இடைக்காலத்தில் அந்த விலங்கு எதை வைத்துக் கடித்திருக்கும்? பதிலைப் பாறைகள் வைத்திருந்தன. தென்னாப்பிரிக்காவில் கிடைத்த டயார்த்ரோக்னாதஸ், வேல்ஸில் ஏராளமாகக் கிடைத்த, மூஞ்சூறு அளவேயான மார்கனுகோடான் ஆகியவற்றின் தாடையில் பழைய மூட்டும் புதிய மூட்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. புதிய வாசலை வைத்துவிட்டுப் பழைய வாசலை அடைக்கிற வீடு மாதிரி. புதிய மூட்டு பாரத்தைச் சுமக்கத் தொடங்கியதும் பழைய எலும்புகள் சிறுத்தன, சிறுத்ததால் நுண்ணிய அதிர்வுகளுக்கும் அசைந்தன. சீனத்தில் கிடைத்து 2007இல் விவரிக்கப்பட்ட யானோகொனோடான் சுமார் 12.5 கோடி ஆண்டு பழையது. அதன் செவி எலும்புகள் ஏறக்குறைய நம்முடையவை போலவே இருந்தும், ஒரு குருத்தெலும்புத் தண்டால் தாடையோடு கட்டுண்டே இருந்தன. அதே தண்டு நம் ஒவ்வொருவருக்கும் தாயின் வயிற்றில் இருந்தது. கருவின் தொடக்க மாதங்களில் சுத்தி எலும்பு அதன் நுனியில்தான் ஒட்டியிருக்கும்.

பாம்புக்குப் புறச்செவி இல்லை, செவிப்பறையும் இல்லை. ஆனால் உட்செவி உண்டு. அதிலிருந்து நீளும் மெல்லிய எலும்பு, நம் அங்கவடிக்கு இணையானது, நேரே குவாட்ரேட்டில் போய்த் தொடுகிறது. தரையில் தாடை பட்டிருக்கும்போது மண்ணின் அதிர்வு தாடை ஏறி, குவாட்ரேட் வழியாக உட்செவியை அடைகிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளும் மண்டையோட்டை அதிரச் செய்கின்றன என்று மலைப்பாம்புகளிடம் நடத்திய சோதனை காட்டியது. தமிழில் பாம்புக்குக் கட்செவி என்று பெயர், கண்ணையே செவியாகக் கொண்டது என்று பொருள். கூர்ந்த காது உள்ளவரைப் ‘பாம்புச் செவி’ என்போம். வெளியே காதைத் தேடிக் காணாதவர்கள், ஆனாலும் அது கேட்கிறது என்று கண்டுகொண்டவர்கள் வைத்த சொற்கள். தாடை அவர்கள் நினைவுக்கு வராததில் வியப்பில்லை.

கால் மரத்துப்போய் நான் ஓரடி எடுத்து வைத்தேன். சாரை சட்டென்று அசைவற்று நின்றது. கண்ணும் என்னைப் பார்த்திருக்கும். என் காலடியின் அதிர்வும் அதன் குவாட்ரேட்டைத் தொட்டிருக்கும். தவளையின் கத்தல் என் பட்டடை எலும்பைத் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு வலப்பக்கத் தாடை மறுபடி முன்னால் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றது.