வீட்டுத் தச்சு – 11: கடப்பா தட்டுக்குள் இரண்டு படி

நம் ஊர்ச் சமையலறை அலமாரியைச் செய்பவர் தச்சர் அல்ல, கொத்தனார். சுவர் எழும்பும்போதே கடப்பாக் கல்லை நிற்கவைத்து, குறுக்கே தட்டுப் பதித்து, ஓரங்களில் சிமென்ட் பூசி முடித்துவிடுகிறார். கதவு பிறகுதான் வரும்: மரமோ, அலுமினியமோ, இப்போதெல்லாம் பி.வி.சி.யோ. தட்டுக்கும் தட்டுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று சமைப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி என்று கைவழக்கப்படி வைத்துவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். குண்டானும் இட்லிப் பானையும் பெரிய எவர்சில்வர் டிரம்மும் தட்டை நிரப்பிய காலத்தில் அந்த இடைவெளி பொருத்தமாகத்தான் இருந்தது.

இன்று அதே தட்டில் இருப்பவை அரைக்கிலோ பாக்கெட்டுகள், காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடலைப்பருப்பு, மசாலாத்தூள் டப்பாக்கள், பாதி எடுத்துவிட்டு ரப்பர் பேண்டு போட்ட சேமியா. ஏழு அங்குல டப்பாவுக்கு மேலே எட்டு அங்குலம் வெறும் காற்று. முன்வரிசை மறைப்பதால் பின்வரிசை கண்ணிலேயே படாது. கடையில் விற்கும் கம்பி அடுக்குகளும் பிளாஸ்டிக் தட்டுகளும் பெரும்பாலும் மாடுலர் கிச்சன் அளவுக்குச் செய்தவை. கடப்பா தட்டுக்குள் வைத்தால் ஆடும், இல்லாவிட்டால் கதவு மூடாது. இரண்டே படி வைத்த சிறிய மர அடுக்கு போதும். போன வாரம் மூலமட்டம் பிடித்துக் கோடு போடப் பழகியவர்களுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

வேங்கிக்காலில் சித்தி வீட்டுக்குச் செய்ததை வைத்தே சொல்கிறேன். 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். ஆட்சியர் அலுவலகம் இருப்பது வேங்கிக்காலில். அதனால் அங்கே அரசு ஊழியர் குடும்பங்கள் நிறைய, வாடகை வீடுகளும் நிறைய. மாறுதல் உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டியவர்கள் அவர்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது சாவியோடு சேர்த்து வீட்டுக்காரர் கொடுக்கும் சட்டம். ஆகவே அடுக்கு சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும், வீடு மாறும்போது கூடவே வர வேண்டும்.

“துவரம்பருப்பு தீந்துபோச்சுன்னு நெனச்சு வாங்கியாந்தா, உள்ள ஒரு டப்பா நெறைய கெடக்குதுடா. அதுல வண்டு வேற” என்றார் சித்தி.

இந்த வேலை ரம்பத்தில் தொடங்குவதில்லை. தட்டில் இருப்பதை எல்லாம் இறக்கித் தரையில் செய்தித்தாள் விரித்துப் பரப்புங்கள். தேதி தாண்டிய பாக்கெட்டுகள் அங்கேயே கழிந்துவிடும். மிச்சத்தில் ஒவ்வொரு டப்பாவையும் மூடியோடு சேர்த்து உயரம், அகலம் அளந்து எழுதுங்கள். சித்தியிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஏழு அங்குல உயரத்துக்குள், நாலு அங்குல அகலத்துக்குள் அடங்கின. எண்ணெய் பாட்டில்கள் மட்டும் நெடியவை. அவற்றுக்குப் படி எதற்கு, கல்மீதே நிற்கட்டும். கையையும் அளக்க வேண்டும். மூடிக்கு மேலே இரண்டு அங்குலமாவது இடம் இல்லாவிட்டால், டப்பாவை வெளியே எடுக்கும்போது விரல் மேல்கல்லில் இடிக்கும்.

தட்டின் உள்ளளவு 30 அங்குல அகலம், 15 ஆழம், 15 உயரம். டப்பாவின் ஏழு, கைக்கு இரண்டு, மீதி ஆறு. ஆக மேல்படி ஆறு அங்குல உயரத்தில், கீழ்ப்படி மூன்றில். முன்வரிசைக்குக் கடப்பாக் கல்லே தளம். மூன்று வரிசை கிடைத்துவிடும், செய்ய வேண்டியது இரண்டு படிதான்.

வேலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். சுவரோரம் அவருடைய முழக்கோல் சாய்ந்திருந்தது. வீட்டு அளவுக்கான தச்சு முழம் அது, 33 அங்குலம். தாளைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

“உள்ளளவு எழுதிக்கினு வந்துட்ட. வாய் எத்தினி?”

கதவுச் சட்டத்தைச் சொல்கிறார். இரட்டைக் கதவு அலமாரியில் நடுவே ஒரு சட்டம் நிற்கும். இரு ஓரத்திலும் ஒன்றரை அங்குலச் சட்டம், நடுவில் இரண்டு அங்குலம். போக, ஒரு கதவுக்குப் பன்னிரண்டரை அங்குல வாய்தான். முப்பது அங்குலத்துக்கு ஒரே அடுக்காகச் செய்திருந்தால் அது கூடத்திலேயே நின்றிருக்கும். “இப்படித்தான் உள்ள அளந்து செஞ்சிக்கினு போவாங்க. அப்புறம் அறுக்கச் சொல்லி எங்கிட்டயே எடுத்தாருவாங்க” என்றார். எனவே பன்னிரண்டு அங்குலத்தில் இரண்டு அடுக்குகள். அரை அங்குலத்தை விட்டுவைப்பதற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் அகலவாக்கில் உப்பும், கதவுச் சட்டமும் அப்படியே. இரண்டையும் ஓரங்களுக்குத் தள்ளினால் நடுவில் ஆறு அங்குலம் மிஞ்சும். எந்தக் கதவைத் திறந்தாலும் கை எட்டும் இடம். எண்ணெய் பாட்டில்கள் அங்கே போய்விட்டன.

பொருளை அளந்து அதற்கு அறை செய்வது நமக்குப் புதிதல்ல, அஞ்சறைப் பெட்டி முதலில் மரத்தில்தான் இருந்தது. ஐரோப்பாவில் இதைச் சமையலறை முழுக்க விரித்தவர் மார்கரெட் ஷுட்டே-லிஹாட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர். 1926இல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக அவர் வடிவமைத்த சிறு சமையலறையில் அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்புகள் வரிசையாக இருந்தன. மாவுக்கு மட்டும் ஓக் மரம். மாவுப் புழு அதை அண்டாது என்பது காரணம். அரிசியில் வேப்பிலை போட்டு வைத்த பாட்டிக்கு இதை விளக்க வேண்டியிருக்காது.

மரத்துக்கு வருவோம். இந்த வேலைக்குத் தேக்கு தண்டம். இரண்டு அடுக்குக்கும் சேர்த்து மூன்றரை சதுர அடி பலகை போதும். ஒரு முழு பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு, அதாவது 32 சதுர அடி. ஆகவே ஷீட் வாங்காதீர்கள். இன்டீரியர் வேலை நடக்கும் பட்டறைகளில் 12 மி.மீ. துண்டுகள் மிஞ்சிக் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். துண்டில் முத்திரை இருந்தால் பாருங்கள். எம்.ஆர். என்பது காற்று ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. அதில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. பி.டபிள்யூ.ஆர்., பி.டபிள்யூ.பி. வகைகளில் ஃபீனால் பசை, கொதிநீருக்கும் பிரியாது. பருப்புத் தட்டுக்கு எம்.ஆர். போதும். சிங்க் அடியில் வைப்பதற்கென்றால் ஐ.எஸ். 710 முத்திரையைத் தேடுங்கள். எம்.டி.எஃப். மட்டும் வேண்டாம். தரை துடைத்த ஈரக்கை பட்டாலே ஓரம் ஊதிவிடுகிறது.

பேக்கிங் பெட்டியிலிருந்து பிரித்த பைன் பலகையும் நல்லதுதான், இழைத்தால் அழகாக வரும். ஆனால் பலகையில் கோதுமைக் கதிர் சின்னத்தோடு ஒரு முத்திரை குத்தியிருக்கும். ஏற்றுமதி, இறக்குமதி மரத்துக்கான ஐ.எஸ்.பி.எம். 15 விதிப்படி குத்துவது அது. எச்.டி. என்றிருந்தால் நடுமரம் வரை 56 டிகிரியில் அரைமணி நேரம் சூடேற்றியது. எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகையடித்தது. சமையலறைக்கு முதல் வகையை மட்டும் எடுங்கள்.

ஒரு அடுக்குக்கு வேண்டிய துண்டுகள்: படிப்பலகை இரண்டு, 12 அங்குல நீளம், நாலரை அகலம். பக்கப்பலகை இரண்டு. பக்கப்பலகைகளுக்கு இடையே குறுக்குச் சட்டம் இரண்டு, 11 நீளம், இரண்டு அகலம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பலகையின் அரை அங்குலக் கனம் எங்கே போனது என்பது புரியும். படி ஆறு அங்குலத்தில் வர வேண்டுமானால் பக்கப்பலகை ஐந்தரைதான் இருக்க வேண்டும், கீழ்ப்படிக்கு இரண்டரை.

பக்கப்பலகையைத்தான் பெரியவர் செய்துகாட்டினார். ஒன்பதுக்கு எட்டு அங்குலத்தில் ஒரே செவ்வகம். இடது ஓரத்தில் கீழிருந்து ஐந்தரையில் புள்ளி, வலது ஓரத்தில் இரண்டரையில் புள்ளி. இடப்புள்ளியிலிருந்து நாலரை அங்குலம் நேராக உள்ளே வந்து, செங்குத்தாக மூன்று அங்குலம் இறங்கி, மறுபடி நேராக வலப்புள்ளிக்கு. இந்த ஒரே கோட்டில் அறுத்தால் இரண்டு பக்கப்பலகைகள் பிரிந்து வரும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றதன் அச்சு. துளி மரம் வீணில்லை. ரம்பம் தின்னும் கனம் இருபக்கமும் ஏறக்குறையச் சமமாகத்தான் குறையும், அதனால் ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்து அடுக்கு சாயாது. கோடு திரும்பும் இரண்டு மூலையிலும் முதலில் டிரில்லில் துளை போட்டுக்கொள்ள வேண்டும். ஜிக்சா இருந்தால் சுலபம். இல்லாதவர்கள் குறுகிய ரம்பத்தைத் துளைக்குள் விட்டு அந்த மூன்று அங்குலத்தை அறுக்கலாம், கை கொஞ்சம் வலிக்கும்.

கோர்ப்பதற்கு ஃபெவிகாலும் ஒன்றேகால் அங்குல ஆணியும். 1959இல் ஃபெவிகால் வருவதற்கு முன்னால் தச்சர்கள் வச்சிரத்தை அடுப்பில் காய்ச்சித்தான் ஒட்டினார்கள். தோலும் எலும்பும் வெந்த நாற்றம் தெருமுனை வரை வரும் என்று பெரியவர் முகம் சுளித்தார். ஆணியை அடிக்குமுன் அதன் கூர்முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிடுங்கள். கூர்முனை இழையைப் பிளந்துகொண்டு போகும், மழுங்கிய முனை இழையை நசுக்கிக்கொண்டு போகும். பலகை ஓரத்தில் அடிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

முதலில் இரு பக்கப்பலகைகளையும் குறுக்குச் சட்டங்களோடு சேர்த்து, மூலமட்டம் வைத்துப் பார்த்து, பிறகு படிப்பலகையை மேலே வைத்து அடியுங்கள். ஒரு சட்டம் மேல்படியின் பின்னோரத்துக்கு அடியில், இன்னொன்று கீழ்ப்படியின் முன்னோரத்துக்கு அடியில். சட்டம் இல்லாவிட்டால் பருப்பு எடை ஏறியதும் அடுக்கு பக்கவாட்டில் சரியும். ஒவ்வொரு படியின் முன்னோரத்திலும் அரை அங்குல ரீப்பர் ஒட்டினால் பாட்டில் வழுக்காது. படிக்கு அடியிலுள்ள பொந்தைப் பலகை வைத்து அடைக்கச் சிலர் ஆசைப்படுவார்கள், இழுப்பறை வைக்கவும் யோசிப்பார்கள். இரண்டும் வேண்டாம். அடைத்த இடம் கரப்பான்பூச்சிக்குப் போய்ச் சேரும். திறந்திருந்தால் டார்ச் அடித்துப் பார்த்துத் துடைக்கலாம்.

ஒருநாள் பசை காய்ந்தபின் உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை பூசினால் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் உத்தரத்துக்கும் வாசற்காலுக்கும் சரி, கைபடும் சமையல் அடுக்குக்கு ஆகாது, தோலைப் பொத்துவிடும்.

கடப்பாக் கல் எப்போதும் மட்டமாக இருக்காது. பிய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து நாலு துண்டு வெட்டி அடுக்கின் அடி மூலைகளில் ஒட்டினேன். ஆட்டம் நின்றது, கல்லைத் துடைக்கும் ஈரமும் மரத்தில் ஏறுவதில்லை.

அடுக்குவதைச் சித்தியிடம் விட்டுவிட்டேன். மேல்படியில் பருப்புகள் இருக்கும், கண்ணுக்கு நேரே வரும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் வைத்தது கசகசா, வெந்தயம், சுக்கு, பெருங்காயம். பருப்பு கனமாம், தினமும் தூக்கி இறக்க முடியாதாம், முன்வரிசையில் கல்மீதே இருக்கட்டுமாம். அப்படியானால் அந்த வரிசைக்கு ஆழம் ஆறு அங்குலம் இருப்பது நல்லதாகப் போயிற்று, அகலமான டப்பாவும் கதவை இடிக்காமல் நிற்கிறது. நீங்கள் செய்யும்போது இதை முன்கூட்டியே கேட்டுவிட்டு அளவு போடுங்கள்.

அடுத்த வாரம், வாடகை வீட்டுக் கதவில் துளை போடாமல் உட்பக்கத்தில் மூடிகளை மாட்டும் சட்டம். ஒன்றேகால் அங்குல ரீப்பர் ஆறடி வாங்கி வையுங்கள்.