காணாமல் போன தளங்கள் - 9: கதவு எண் தெரிந்தால் போதும்

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் பிறந்த கதை போன வாரமே முடிந்தது. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மைஸ்பேஸ் தளத்தில் தொலைந்த பாடல்கள் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஜியோசிட்டீஸுக்குள் நுழைந்துவிட்டேன், வெளியே வர மனமில்லை.

1994இல் டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் தொடங்கியது. இலவசமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் பேட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலக்கியம், தத்துவம் என்றால் ஏதென்ஸ். அறிவியல் புனைகதைக்கு ஏரியா 51. ராக் இசைக்கு சன்செட் ஸ்ட்ரிப். குடும்பப் படம், நாய்க்குட்டி வகையறாவுக்கு ஹார்ட்லேண்ட். பேட்டைக்குள் காலி மனை பார்த்து நான்கு இலக்கக் கதவு எண்ணைப் பிடித்தால், அதுவே உங்கள் இணைய முகவரி.

1999இல் 350 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய யாஹூ, புதிதாக வந்தவர்களுக்குப் பயனர் பெயரையே முகவரியாக்கியது. பத்தே வருடத்தில் கடையைக் கட்டுவதாக அறிவித்து, 2009 அக்டோபர் 26 அன்று இழுத்து மூடியது.

இடைப்பட்ட மாதங்களில் மூடப்படும் தளங்களைப் பிரதி எடுக்கும் ஜேசன் ஸ்காட்டின் ‘ஆர்க்கைவ் டீம்’ தொண்டர்கள் பக்கங்களை அள்ளியதில்தான் என் மனம் சிக்கிக்கொண்டது. பேட்டைக்காரர்களின் பக்கத்தைக் கண்டுபிடிக்க யாரிடமும் பட்டியல் கேட்க வேண்டாம். 1001, 1002, 1003 என்று நிரல் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போகலாம். திறந்தால் பிரதி, இல்லாவிட்டால் அடுத்த வீடு. பயனர் பெயரில் குடியேறியவர்கள் பாடு அப்படியில்லை. வேறு யாராவது இணைப்புக் கொடுத்திருந்தால்தான் அப்படியொரு வீடு இருப்பதே தெரியும். பழசைத் தேடுவது சுலபம், புதுசைத் தேடுவதுதான் கஷ்டம்!

இன்னொரு கூத்து. ஜியோசிட்டீஸின் சர்வர் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பேதம் பார்க்கவில்லை. பிரதி எடுத்த கணினிகள் பார்த்தன. விளைவு, ஒரே தெரு குவியலுக்குள் இரண்டு மூன்று இடத்தில் கிடந்தது. 2010இல் டொரண்டாக வெளிவந்த அந்த 600 ஜிகாபைட்டுக்கும் மேற்பட்ட குவியலை ஒலியா லியாலினா, டிராகன் எஸ்பென்ஷீட் என்ற இரண்டு கலைஞர்கள் இறக்கி, ஒழுங்குசெய்து, 2013 முதல் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வெளியிட்டார்கள். ஸ்காட்டோ ‘வேலை நடைபெறுகிறது’ என்று மின்னும் மஞ்சள் பலகைகளையும், மண்வெட்டிக்கார பொம்மைகளையும் நூற்றுக்கணக்கில் பொறுக்கி ஒரே பக்கத்தில் ஒட்டினார். கடைசிவரை முடியாத வேலைகள். திறந்து பார்த்தால் கண் கூசும்.

உங்கள் பழைய பக்கத்தைத் தேடுகிறீர்களா? பழைய மின்னஞ்சலின் அடியில் இருக்கும் கையொப்ப வரிகளைப் பாருங்கள், விசிட்டிங் கார்டைப் பாருங்கள். வேபேக் மெஷினுக்கு முகவரிதான் முக்கியம். தமிழ்ப் பக்கமென்றால் திறந்ததும் கோழிக்கிறுக்கலாகத் தெரியக்கூடும். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாப் எழுத்துருக்களின் வேலை அது. எழுத்துரு மாற்றியில் போட்டால் எழுத்து திரும்பிவிடும்.

மைஸ்பேஸின் 4,90,000 பாடல்கள் மீண்ட கதை அடுத்த வாரம். டிஸ்கி குறுக்கே வராவிட்டால்.