வறண்டிருப்பதே இயல்பான ஏரி

ஏரி என்றதும் தளும்பும் நீரையே நினைத்துப் பழகிய நமக்கு, தென் ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் நடுவே, சமுத்திர மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் தாழ்ந்து, நிரம்பினால் ஏறத்தாழ 9,500 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம் கொள்ளும் கட்டி தண்டாவை, அதன் வழக்கமான கோலத்தில் கண்டால் ஏரியென ஒப்புக்கொள்ள மனம் வராது. கண்ணுக்கெட்டிய மட்டும் உப்புப் பாளம், அவ்வளவே. 1840-இல் இதைக் கண்ட எட்வர்ட் ஜான் எயர் என்ற ஆங்கிலேயரின் பெயராலேயே நெடுங்காலம் வழங்கிவந்த இதற்கு, அரபானா என்னும் பூர்வகுடிகள் இட்ட நாமம் 2012-இல்தான் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டது.

அக்கண்டத்தின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழைநீர், வழியில் மணல் குடித்தது போக மிஞ்சினால், இங்கே வந்துதான் அடங்கவேண்டும். கடலுக்குச் செல்லப் போக்கிடம் கிடையாது. வெயில் ஜலத்தைக் கொண்டுபோக, ஜலம் சுமந்து வந்த உப்பு தங்கிவிடுகிறது. இவ்வாறு யுகக்கணக்கில் படிந்து இறுகிய தளத்தின்மீதுதான் 1964 ஜூலை 17-இல் டொனால்ட் காம்ப்பெல் மணிக்கு 648 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் ஓட்டிச் சாதனை புரிந்தார். வருஷத்துக்குச் சுமார் 125 மில்லிமீட்டரே மழை காணும் அவ்விடத்தில், முந்திய ஆண்டு அவர் செய்த முயற்சியை மழையே கெடுத்தது என்பது விதியின் வேடிக்கைதான்.

ஆயினும் ஏரியை நிரப்புவது உள்ளூர் மழையன்று. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் குயின்ஸ்லாந்தில் கொட்டிய மழை, டயமண்டினா, கூப்பர் முதலிய நதிகளில் வாரக்கணக்காக ஊர்ந்து, மேகமே இல்லாத வானத்தின்கீழ் இங்கே வெள்ளமாய் வந்து சேர்கிறது. 1974-இல் வந்ததே பதிவான வெள்ளங்களில் பெரியது. வெள்ளம் வரும்போதெல்லாம் மீன்கள் பெருகும்; அவற்றை நாடிக் கூழைக்கடாக்கள் கடற்கரையிலிருந்து திரளாக வந்திறங்கிக் குஞ்சு பொரிக்கும். பாலைவனத்தில் நீர் வந்த சேதி அவற்றுக்கு எட்டும் விதம் இன்னும் முழுதாக விளங்கவில்லை. நீர் வற்ற வற்ற உப்பு ஏறி மீன்கள் மடியும்.

எனக்கு இவற்றினும் பெரிய அதிசயம், வறட்சியிலும் அங்கேயே குடியிருக்கும் ஒரு சிறு ஓணான். உப்பை ஒத்த வெளிறிய உடலில் கரும்புள்ளிகள். கண்ணைக் கூசவைக்கும் ஒளிக்கு இடங்கொடாத சிறிய கண்கள். வெளியே தெரியாத செவித்துளைகள். உப்புத் தோட்டுக்கடியிலுள்ள ஈரமணலில் வளை தோண்டி வசித்து, எறும்புகளைத் தின்று காலந்தள்ளும் இப்பிராணி, வெள்ளம் வந்தால் கரைக்கு ஒதுங்கிவிடும்.

அரபானா மக்களுக்கு இது புனித ஸ்தலம். ஏரிப் படுகையில் கால் வைக்காமல் கரையிலிருந்தோ விமானத்திலிருந்தோ பார்த்துச் செல்லும்படி வருவோரை அவர்கள் வேண்டிக்கொள்கிறார்கள்.