190 கிலோ ஆர்கன், 10 கிலோ கீபோர்டு

190 கிலோ எடையுள்ள ஒரு மரப்பெட்டியை வேனில் இருந்து இறக்கி, மாடிப்படி ஏற்றி, மேடையில் வைக்க வேண்டும். கச்சேரி முடிந்ததும் நள்ளிரவில் அதே பெட்டியைத் திரும்ப இறக்க வேண்டும். 1960, 1970களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ராக், ஜாஸ் குழுக்களில் ஆர்கன் வாசித்தவர்களின் பாடு இதுதான். அந்தப் பெட்டியின் பெயர் ஹாமண்ட் பி-3. இன்று ஏறக்குறைய அதே ஒலியை 10 கிலோகூட இல்லாத ஒரு கீபோர்டு தருகிறது. சரியான சாஃப்ட்வேர் இருந்தால் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் தரும்.

இங்கே கீபோர்டு என்று சொல்வது நீங்கள் டைப் செய்யும் கீபோர்டை அல்ல. கோயில் திருவிழாக் கச்சேரிகளில் மேடை ஓரத்தில் ஸ்டாண்டு போட்டு வாசிப்பார்களே, அந்த கீபோர்டு. அதற்குள் இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான் என்பதால்தான் நம் பக்கங்களில் அதற்கு இடம்.

அவ்வளவு எடை எதற்கு?

பழைய கருவிகளில் ஒவ்வொரு ஒலியையும் உண்மையிலேயே அசையும் ஒரு பொருள் உண்டாக்கியது. ஹாமண்ட் ஆர்கனில் பல் வெட்டிய உலோகச் சக்கரங்கள் 91 உண்டு. ஒரு மோட்டார் அவற்றைச் சுழற்றும். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கம்பிச் சுருள் சுற்றிய ஒரு காந்தம் இருக்கும். பற்கள் அதைக் கடக்கும்போது சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும். சைக்கிள் டைனமோவில் விளக்கு எரிகிறதல்லவா? ஏறக்குறைய அதே தத்துவம். அந்த மின்சாரம் ஸ்பீக்கருக்குப் போனால் ஒலி.

இதோடு முடியவில்லை. லெஸ்லி என்ற ஸ்பீக்கரையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அலமாரி போன்ற இதன் மேல்பகுதியில் ஒரு குழல் சுழலும். கீழே ஒரு டிரம் சுழலும். ரயில் ஹாரன் நம்மை நெருங்கும்போது ஒரு மாதிரியும், விலகும்போது வேறு மாதிரியும் கேட்கிறதல்லவா? அந்த மாற்றம் விநாடிக்குப் பல முறை நடந்தால் வரும் நடுக்கம்தான் லெஸ்லியின் சிறப்பு. இதன் எடை 60 கிலோவுக்கு மேல்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஹாமண்டின் மோட்டார், கரண்டின் ஹெர்ட்ஸ் கணக்குக்கு ஏற்ப ஓடுவது. 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்காவில் வாங்கியதை, 50 ஹெர்ட்ஸ் உள்ள இங்கிலாந்திலோ நம் நாட்டிலோ அப்படியே செருகினால் எல்லா சுருதியும் மூன்று கீ அளவுக்குக் கீழே இறங்கிவிடும்! அதைச் சரிசெய்ய இன்னொரு கனமான பெட்டி.

மற்றவையும் லேசானவை அல்ல. 73 கீகள் கொண்ட ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோ 60 கிலோவை நெருங்கும். யமஹா 1976ல் கொண்டுவந்த சிபி-70 பியானோவில் உண்மையான தந்திகளே இருந்தன. தூக்குவதற்காக இரண்டாகப் பிரிக்கலாம். மொத்த எடை 100 கிலோவைத் தாண்டும். 1970ல் வந்த மெல்லோட்ரான் எம்400 இன்னும் வேடிக்கையானது. 35 கீகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப். கீயை அழுத்தினால் அதில் பதிவான வயலினோ புல்லாங்குழலோ ஒலிக்கும். சுமார் 8 விநாடியில் டேப் தீர்ந்துவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் மௌனம்தான்.

எடை குறைந்த கதை

1983ல் இரண்டு காரியங்கள் நடந்தன. யமஹாவின் டிஎக்ஸ்7 வந்தது. எடை 14 கிலோ. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறையில் ஒலியைக் கணக்குப் போட்டே உருவாக்கியது. அதில் இருந்த எலெக்ட்ரிக் பியானோ, ரோட்ஸ் போலவே இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் பலர் ரோட்ஸை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். முதுகு சொல்வதைத்தானே முதலில் கேட்போம்!

அதே ஆண்டு மிடி என்ற ஏற்பாடும் வந்தது. மிடி கேபிளில் ஒலி போவதில்லை. எந்த கீயை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற செய்தி மட்டும் போகும். ஒரு கம்பெனியின் கீபோர்டை வாசித்து இன்னொரு கம்பெனியின் பெட்டியை ஒலிக்க வைக்கலாம். கம்ப்யூட்டர் இசைக்குள் நுழைந்ததும் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான்.

அடுத்து சாம்பிளிங். உண்மையான கருவியின் ஒலியைப் பதிவு செய்து மெமரியில் வைத்துக்கொண்டு, கீயை அழுத்தும்போது ஒலிக்கச் செய்வது. மெல்லோட்ரான் டேப்பில் செய்ததை இது சிப்பில் செய்கிறது. 1988ல் வந்த கோர்க் எம்1 தன் எல்லாக் கருவிகளையும் 4 எம்பிக்குள் அடக்கியது. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அந்த அளவு வரும். அதே கம்பெனி 2011ல் கொண்டுவந்த க்ரோனாஸில் 30 ஜிபி எஸ்எஸ்டி இருந்தது. உள்ளே இன்டெல் ஆட்டம் பிராசஸர், ஆபரேட்டிங் சிஸ்டம் லினக்ஸ். கீகள் பொருத்திய கம்ப்யூட்டர் என்றே சொல்லிவிடலாம்.

பியானோவுக்கு சாம்பிளிங் நன்றாகவே பொருந்தும். ஹாமண்டிடம் அது தோற்றது. காரணம் எளிய கணக்கு. ஹாமண்டில் ஒலியின் கலவையை மாற்ற இழுத்துத் தள்ளும் பட்டைகள் ஒரு தொகுதிக்கு 9 உண்டு. ஒவ்வொன்றுக்கும் 9 நிலைகள். பெருக்கிப் பாருங்கள்: 38 கோடிக்கும் மேற்பட்ட கலவைகள்! வாசிப்பவர் பாட்டின் நடுவிலேயே இவற்றை மாற்றிக்கொண்டே இருப்பார். இத்தனையையும் யார் பதிவு செய்வது? எனவே பதிவை விட்டுவிட்டு, அந்த 91 சக்கரங்களும் எப்படி நடந்துகொள்ளும் என்பதையே பிராசஸர் கணக்கிடும்படி செய்தார்கள். இதை மாடலிங் என்பார்கள். கிளாவியா கம்பெனியின் சிவப்பு நிற நார்டு எலெக்ட்ரோ 2001ல் வந்து மேடைகளில் பரவியது இந்த முறையின் பலத்தில்தான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஹாமண்டில் கீயை அழுத்தியதும் 'டிக்' என்று ஒரு சிறு சத்தம் வரும். செய்தவர்கள் அதைக் குறை என்று நினைத்தார்கள். வாசித்தவர்களுக்கோ அது இல்லாமல் ஆர்கனே இல்லை! இன்றைய கருவிகளில் அந்த 'டிக்'கைக் கூட்டவும் குறைக்கவும் தனி செட்டிங் வைத்திருக்கிறார்கள்.

எது வரவில்லை?

முதலாவது, விரலுக்குக் கிடைக்கும் உணர்வு. பியானோ கீயை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும். அந்தக் கனத்தைத் தர கீகளுக்குள் எடை வைத்தே ஆக வேண்டும். அதனால் 88 கீகள் உள்ள நல்ல மேடைப் பியானோக்களில் பல இன்றும் 15 முதல் 20 கிலோ வரை இருக்கின்றன. எடை குறைவு என்பதற்காக மட்டும் லேசான கீகள் உள்ளதை வாங்கினால், பியானோ பழகிய கைக்குத் திருப்தி இருக்காது. ஆர்கனுக்கு அதே லேசான கீகள்தான் வசதி. முதலில் நீங்கள் அதிகம் வாசிப்பது எது என்று முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது லெஸ்லி. ஒரு அறைக்குள் சுழலும் குழல் நான்கு சுவர்களிலும் ஒலியை வீசுகிறது. அதை இரண்டு ஸ்பீக்கர்களில் முழுமையாகக் கொண்டுவர முடிவதில்லை. எனவே புதிய கீபோர்டை வாங்கிய பிறகும் லெஸ்லியை மட்டும் தூக்கிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். அது முடியாதவர்களுக்கு ஒரு யோசனை: கீபோர்டில் இருந்து இடது, வலது என்று இரண்டு கேபிள்களையும் மிக்ஸருக்குக் கொடுங்கள். ஒரே கேபிள் கொடுத்தால் சுழலும் உணர்வில் பெரும்பகுதி காணாமல் போகும்.

லாரியும் ஆட்களும் இருந்தால் பிரச்சினை இல்லை. டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்டு, 2002ல் விலகும் வரை ஹாமண்டை விடவில்லை. காரின் பின் சீட்டில் கருவியை வைத்துக்கொண்டு போகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. பத்தாவது வரிசையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியப் போவதுமில்லை. என்னைக் கேட்டால், மேடைக்குப் புதியது, ரிக்கார்டிங்குக்குப் பழையது. பி-3 தயாரிப்பு 1970களின் நடுவிலேயே நின்றுவிட்டது. வைத்திருப்பவர் அதை விற்க வேண்டாம்.

உங்கள் கம்ப்யூட்டரில்

யுஎஸ்பியில் இணையும் மிடி கீபோர்டு ஒன்று போதும். ஹாமண்டுக்கு செட்பிஃப்ரீ என்ற இலவச சாஃப்ட்வேர் உண்டு. பியானோவுக்கு விலை கொடுத்து வாங்கும் பியானோடெக் மாடலிங் முறையில் இயங்குவதால் ஹார்ட்டிஸ்க்கில் மிகக் குறைந்த இடமே எடுக்கும்.

முதல் நாள் ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். கீயை அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் சத்தம் வரும். இதை லேட்டன்ஸி என்பார்கள். சாஃப்ட்வேரின் ஆடியோ செட்டிங்கில் பஃபர் என்ற எண்ணைப் பாருங்கள். 1024 என்று இருந்தால் 23 மில்லி செகண்ட் தாமதம். 8 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பது போல. 128க்குக் குறைத்தால் 3 மில்லி செகண்டுக்கும் கீழே. டிரைவரும் சவுண்ட் கார்டும் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். மிகவும் குறைத்தால் ஒலி கரகரவென்று உடையும். அப்போது ஒரு படி ஏற்றுங்கள். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ வகை டிரைவர் போட்டால்தான் இது ஒழுங்காக நடக்கும்.

லேப்டாப்பை மேடைக்கே கொண்டுபோவதாக இருந்தால் வைஃபையை நிறுத்துங்கள். ஸ்லீப் ஆகாதபடி மாற்றுங்கள். பாட்டின் நடுவில் அப்டேட் கேட்டு நிற்கும் லேப்டாப்பை யாரும் மன்னிக்க மாட்டார்கள். எல்லா ஒலி செட்டிங்குகளையும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து கீபோர்டு உறைக்குள்ளேயே போட்டு வையுங்கள். வெளியூரில் அதே மாடல் கீபோர்டு வாடகைக்குக் கிடைத்தால், பென் டிரைவை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.