எஸ்கியூஎல் சர்வர் 2016: ஜூலை 14-க்கு முன் மாற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது

மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் 2016 என்ற தரவுத்தள மென்பொருளுக்கான ஆதரவு 2026 ஜூலை 14, செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. ஜொகூரின் கூலாய், மாசாய், பத்து பகாட் பக்கமிருந்து கடைக்காரர்களும் கணக்கர்களும் எழுதும் கடிதங்களில் ஒரு பாதி, அன்றைக்குக் கணினி நின்றுவிடுமா என்று கேட்கிறது. மறுபாதி, புதிய பதிப்புக்கு மாற்ற முகவர் கொடுத்த விலைப்புள்ளியை இணைத்து, இது நியாயம்தானா என்று கேட்கிறது.

நிற்காது. 15-ஆம் தேதி காலையிலும் பில் போடலாம், ஸ்டாக் பார்க்கலாம். 'ஆதரவு' என்று நிறுவனம் சொல்வதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதன் பெரும்பகுதி 2021 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. அதன்பின் சாதாரணப் பிழைகளுக்குத் திருத்தம் கிடையாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இப்போது நிற்கப்போவது அதுதான். பணம் கட்டினால் மேலும் மூன்று ஆண்டு வரை நீட்டிக்கலாம் என்கிறார்கள். ஆனால் மிக ஆபத்தானது என்று நிறுவனமே முத்திரை குத்தும் ஓட்டைகளுக்கு மட்டுமே அதில் திருத்தம் வரும்.

திருத்தம் வெளிவருவதும் அது உங்கள் கணினிக்குள் போவதும் ஒன்றல்ல. 2003 ஜனவரி 25-இல் ஸ்லாம்மர் என்ற புழு, பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய 75,000 கணினிகளைப் பிடித்தது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் ஆறு மாதத்துக்கு முன்பே வந்திருந்தது, போடத்தான் ஆளில்லை. உங்கள் சர்வரில் கடைசியாக எந்த மாதம் திருத்தம் போட்டார்கள் என்று முகவரிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், உங்களைப் பொறுத்தவரை ஆதரவு எப்போதோ முடிந்துவிட்டது.

விலைப்புள்ளிகளில் 'தடங்கலில்லாத மேம்பாடு' என்ற வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது இணக்க நிலை என்ற ஓர் எண். இது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது.

வாடிக்கையாளர்களின் கடன் பாக்கி அறிக்கையை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரின் பில்களையும் தேடிப் போகலாம். மொத்த பில்களையும் முதலில் அள்ளிக்கொண்டு, பிறகு ஆள்வாரியாகப் பிரிக்கலாம். எந்த வழியில் வேலை குறைவு என்று சர்வரின் எஞ்சின் ஊகித்துத் திட்டம் போடுகிறது. இந்த ஊக முறை பதிப்புக்குப் பதிப்பு மாறும். பெரும்பாலும் வேகம் கூடும்; எங்கோ ஓர் அறிக்கைக்கு மட்டும் ஊகம் பிசகி, பத்து நொடியில் வந்தது பத்து நிமிடம் இழுக்கும். இதற்காகத்தான் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஓர் எண். 2016-க்கு 130, 2019-க்கு 150, 2022-க்கு 160. பழைய தரவுத்தளத்தை 2022-இல் ஏற்றினாலும் எண் 130-லேயே நிற்கும். எஞ்சின் புதியது, திட்டம் போடுவது மட்டும் பழைய கணக்கில். சில வாரம் அப்படியே ஓடவிட்டு, எந்த அறிக்கைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் குவெரி ஸ்டோர் என்ற உள்பதிவில் சேர்த்துக்கொண்டு, பிறகு எண்ணை 160-க்கு உயர்த்தலாம். ஏதாவது மந்தமானால், அந்த ஒன்றுக்கு மட்டும் பழைய திட்டத்தையே கட்டாயமாக்கலாம். எண்ணை மறுபடி 130-க்கு இறக்கவும் ஒரே வரி கட்டளை போதும்.

இதற்கு நிறுவனம் தரும் உறுதிமொழியில் ஒரு நிபந்தனை உண்டு: வன்பொருளும் பழையதற்கு ஒப்பானதாக இருக்கவேண்டும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் மாற்றும்போது மேசைக்கடியில் கிடக்கும் பழைய பெட்டியையும் சேர்த்துத்தானே மாற்றுகிறோம்? அந்த நிபந்தனை விலைப்புள்ளியில் வருவதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. எண்ணை இறக்க முடிவதால், பழைய சர்வருக்கே திரும்பிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். முடியாது. 2022 ஒருமுறை திறந்ததுமே, கோப்பின் உள்ளமைப்பு புதிய வடிவத்துக்கு மாறிவிடும். இணக்க நிலை அதைத் தொடுவதே இல்லை. 2022-இல் எடுத்த பேக்கப்பை 2016-இல் ஏற்றிப் பாருங்கள். பிழை எண் 3169 வரும்: பதிப்பு 16-இல் (அதாவது 2022) எடுத்த பேக்கப், பதிப்பு 13 (அதாவது 2016) ஓடும் இந்தச் சர்வருக்குப் பொருந்தாது. எண் 130-இல் இருந்தாலும் இதே பதில்தான்.

ஆகவே திரும்புவதென்றால் மாற்றத்துக்கு முன் எடுத்த பேக்கப் ஒன்றே வழி. அதற்குப் பிறகு போட்ட பில்கள் அதில் இருக்காது. முன்பு இரண்டு பேர் ஓர் இரவு உட்கார்ந்து மறுபடி தட்டிவிடுவார்கள். மின் விலைப்பட்டியல் வந்தபின் அது அவ்வளவு எளிதில்லை. நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு பில்லுக்கும் வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தனி அடையாள எண் கொடுத்திருக்கும். உங்கள் கணக்கில் அந்தப் பில்லே இல்லை, வாரியத்திடம் இருக்கிறது. அதைப் புதிதாகத் தட்டி அனுப்பினால், ஒரே விற்பனை அங்கே இரண்டாகப் பதிவாகும். ரத்து செய்ய 72 மணி நேரம்தான் அவகாசம். தாண்டினால் கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். வெள்ளி இரவு மாற்றி, செவ்வாய்க்கிழமை கோளாறைக் கண்டுபிடிக்கும் கடைக்கு, சனிக்கிழமை காலையில் போன பில்கள் கைமீறிப் போயிருக்கும்.

அதனால் பழைய சர்வரின் மேலேயே புதியதை நிறுவ யாரையும் விடாதீர்கள். புதிய கணினியில் 2022-ஐ நிறுவி, பேக்கப்பை அங்கே ஏற்றுங்கள். மைஇன்வாய்ஸ் இணைப்பைத் துண்டித்துவிட்டு, போன மாதக் கணக்கு முடிப்பை அங்கே முழுதாக ஒருமுறை ஓட்டுங்கள். பாக்கி அறிக்கை, ஸ்டாக் மதிப்பு, சம்பளப் பட்டியல் மூன்றும் பழையதோடு சென் பிசகாமல் ஒத்துப்போனால் மாறும் நாளைக் குறிக்கலாம். பழைய பெட்டியை அதன்பிறகும் சில மாதம் வைத்திருங்கள், நெட்வொர்க் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். ஜூலை 14-க்கு மறுநாள் இபிஎஃப், சொக்சோ, பிசிபி மூன்றுக்கும் கடைசி நாள். அந்த வாரம் சர்வரில் கை வைக்காதீர்கள். ஜூன் 20, 21 சனி ஞாயிறு நல்ல நாட்கள். முன்பு ஜொகூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை விட்டவர்கள் அன்று வேலையைத் தொடங்கினால், கோலாலம்பூரில் முகவரின் உதவி மேசை திறந்திருக்கும். 2025 ஜனவரியிலிருந்து நமக்கும் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை. அந்த இரண்டு நாளும் தொலைபேசியை எடுக்க ஆள் இருப்பாரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எங்கள் கணக்கு மென்பொருளின் பெயரே எஸ்கியூஎல் அக்கவுண்ட் ஆயிற்றே? அது ஃபயர்பேர்டு தரவுத்தளத்தில் ஓடுவது. இந்தக் கெடு உங்களுக்கில்லை.

ஆட்டோகவுண்ட் வைத்திருக்கிறோம்? அடியில் இருப்பது மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர்தான். எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புக்கும் இதே தேதியா? ஆம்.

எக்ஸ்பிரஸில் 10 ஜிபி நிரம்பப்போகிறது? 2022-இலும் அதே வரம்புதான். 2025 எக்ஸ்பிரஸில் 50 ஜிபி.

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வில் 2022 ஓடுமா? ஓடாது; விண்டோஸ் சர்வர் 2016-ஆவது வேண்டும்.

மாற்றாமல் விட்டு வாடிக்கையாளர் தகவல் திருடுபோனால்? 2025 ஜூன் 1 முதல், கடுமையான கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். தவறினால் 250,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பழைய கணக்குகளை அழித்துவிட்டு ஏற்றலாமா? வருமான வரிச் சட்டப்படி ஏழு ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டும், அழிக்காதீர்கள்.