அழகும் வேண்டும், விற்பனையும் வேண்டும்

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்பார்கள். பூவின் வாசனையே வாங்குபவரை அழைத்துவிடும். ஆனால் கிளிநொச்சியில் பொதி செய்த ஒடியல் மாவின் வாசனை கொழும்புக்கோ ரொறன்ரோவுக்கோ எட்டுவதில்லை.

இடம்பெயரும் குடும்பம் வயலோடும் கிணற்றோடும் இன்னொன்றையும் இழக்கின்றது. "இந்த வீட்டு மிளகாய்த்தூளை நம்பி வாங்கலாம்" என்று அறிந்திருந்த அயலவரும் சந்தையும் அதற்கு இல்லாமற் போய்விடுகின்றனர். புதிய இடத்தில் சிறுதொழில் தொடங்குபவர் முதலில் தேட வேண்டியது அந்த நம்பிக்கையைத்தான். அதற்கு உதவக்கூடிய சாதனங்களுள் இணையத்தளமும் ஒன்று. ஆனால் சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோ எடுத்த பணம் அதற்குச் செலவாகின்றபடியால், அது எதற்காக என்பதில் நாம் தெளிவாக இருத்தல் வேண்டும்.

இரு நோக்கங்கள்

இணையத்தளம் அமைக்கும்போது இரண்டு நோக்கங்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன. வடிவமைப்பவர் தமது கைவண்ணத்தைக் காட்ட விரும்புவார். அசையும் படங்கள், இசை, பல வர்ணங்கள் எல்லாம் அவருக்கு வேண்டும். உற்பத்தியாளருக்கோ பொருள் விற்பனையாக வேண்டும். முன்னது மிஞ்சினால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு.

1999 நவம்பரில் இலண்டனிலிருந்து 'பூ டொட் கொம்' என்ற உடுப்புக்கடை இணையத்தில் திறக்கப்பட்டது. உடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். ஆலோசனை சொல்ல ஒரு சித்திரப் பெண்ணும் இருந்தாள். அக்காலத்தில் பெரும்பாலான வீடுகளுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையம் வந்தது. பக்கங்கள் திறக்குமுன் பலர் பொறுமையிழந்து போயினர். சுமார் 13 கோடி 50 இலட்சம் அமெரிக்க டொலரை விழுங்கிய அக்கடை 2000 மே மாதத்தில் மூடப்பட்டது. ஊதாரிச் செலவு போன்ற வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் வாங்க வந்தவரைக் காக்க வைத்த அழகும் அவற்றுள் ஒன்று.

இதற்கு எதிர்மாறானது 'கிரெய்க்ஸ்லிஸ்ட்'. 1995இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கிரெய்க் நியூமார்க் என்பவர் நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கி, பின்னர் இணையத்தளமாகியது. அதன் முதற் பக்கத்தில் அலங்காரம் எதுவுமற்ற வெறும் எழுத்து வரிசைகளே உள்ளன. தேடுவது உடனே கிடைப்பதால் இன்றும் அது நிலைத்திருக்கின்றது.

அப்படியானால் அழகே வேண்டாமா? பழைய கதிரை விற்பவருக்கு வெறும் எழுத்துப் போதும். பனையோலைக் கடகம் பின்னும் குழுவுக்கு அது போதாது. ஓலையின் நெருக்கத்தையும் விளிம்பின் நேர்த்தியையும் கண்ணால் காணாமல் எவரும் வாங்க மாட்டார்கள். எனவே, வாங்குபவருடைய கேள்விக்குப் பதிலாக அமையும் அழகை வைத்துக்கொள்வோம். அவருக்குக் குறுக்கே நிற்கும் அழகை விட்டுவிடுவோம்.

வாங்குபவர் கேட்பவை

பொருள் என்ன? அளவும் விலையும் என்ன? எப்படி என் கைக்கு வந்து சேரும்? செய்பவர் யார்? இந்நான்கு கேள்விகளுக்கும் முதற் பக்கத்திலேயே விடை இருக்கட்டும். தொலைபேசி இலக்கம் மேலே, பெரிய எழுத்தில் இருக்கட்டும். அதைப் படத்துக்குள் எழுதினால் கைத்தொலைபேசியில் தொட்டு அழைக்க முடியாமற் போகலாம். ஆகவே எழுத்தாகவே இடச் சொல்லுங்கள்.

எமது படைப்பாற்றலுக்கு உரிய இடம் படத்திலும் சொல்லிலும் உண்டு. காலை வெளிச்சத்தில், வீட்டுச் சுளகின் மேல் பனங்கட்டியை வைத்து எடுத்த படம், எங்கிருந்தோ இரவல் வாங்கிய படத்திலும் உண்மையானது. கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் பல மெகாபைற் இருக்கும். அதை 200 கிலோபைற் அளவுக்குக் குறைத்தால் கிராமத்துக் கைத்தொலைபேசியிலும் விரைவாகத் திறக்கும்.

தமிழை யுனிக்கோட் முறையில் எழுதச் சொல்லுங்கள். 1991 முதல் அதில் தமிழுக்கு இடம் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதினால், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தெரியும், தேடுபவருக்கும் அகப்படாது. தமிழுடன் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சில வரிகள் இருந்தால் சந்தை விரியும்.

கண்ணீர் விற்பனைக்கல்ல

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். மனதைத் தொடும் என்று கருதி, அகதி முகாமின் படத்தையும் அழும் பிள்ளையின் முகத்தையும் பக்கத்தின் உச்சியில் போட வடிவமைப்பவர் சிலர் விரும்பக்கூடும். இரக்கத்தினால் ஒருவர் ஒரு தடவை வாங்குவார். மறுதடவை அவரை வரவழைப்பது மாவின் சுத்தமும் பின்னலின் உறுதியுமே. எமது பொருளை வாங்குவதை நிவாரணம் கொடுப்பதாக அவர் நினைத்தால் நியாய விலை கேட்கும் உரிமையும் எமக்கு இல்லாமற் போகும். எமது கதையைச் சொல்வதில் தவறில்லை. எந்த மண்ணில் விளைந்தது, யாரிடம் பின்னக் கற்றோம் என்பதைத் தலை நிமிர்ந்து சொல்வோம். எவருடைய படத்தையும் அவருடைய சம்மதமின்றிப் போடாதிருப்போம்.

உரிமை எவர் கையில்?

பெயரை உங்கள் பெயரில் அல்லது சங்கத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள். எமது நாட்டுக்குரிய 'டொட் எல்கே' முகவரிகள் உள்ளன. 2010 முதல் 'இலங்கை' என்று தமிழிலேயே முடியும் முகவரிகளும் உண்டு. வடிவமைப்பவரின் பெயரில் பதிவாகியிருந்தால், அவர் வெளிநாடு போனதும் எமது கடையின் திறப்பும் அவருடன் போய்விடும். கடவுச்சொல் குழுவில் இருவரிடமாவது இருக்கட்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவையும் முற்கூட்டியே கேட்டறியுங்கள். விலை மாறும்போது திருத்துபவர் யார் என்பதையும் தீர்மானியுங்கள். பழைய விலையோடு கிடக்கும் பக்கம், பூட்டிய கடையில் தொங்கும் பெயர்ப்பலகை போன்றது.

எல்லோருக்கும் உடனே இணையத்தளம் தேவை என்றில்லை. மாதம் பத்துப் பொதி விற்பவருக்கு வட்ஸ்அப்பும் முகநூற் பக்கமும் தொடக்கத்துக்குப் போதும். வேலை பெருகும்போது அடுத்த படிக்குப் போகலாம்.

பக்கம் திறந்த நாள் முதல் ஒரு கொப்பி வைத்திருங்கள். அழைக்கும் ஒவ்வொருவரிடமும் எம்மை எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஆறு மாதங்களின் பின் குழுவாக இருந்து கணக்குப் பாருங்கள். "படம் வடிவாக இருக்கிறது" என்று சொன்னவர் எத்தனை பேர், பொருள் வாங்கியவர் எத்தனை பேர், மறுபடி வாங்கியவர் எத்தனை பேர் என்பது தெரியவரும். அந்த மூன்றாவது எண்ணிக்கை கூடினால், இழந்த நம்பிக்கை மீண்டும் வேர்விடத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.